நடந்து போனோம், திரும்புவது எப்படி?

(காரைக்காலில் மாங்கனித் திருவிழாவை அடுத்து நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாங்கனித் திருவிழா இப்போதுதான் முடிந்திருக்கிறது. மாடியிலிருந்து வீசிய மாம்பழத்தைத் தாவிப் பிடித்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். இந்த ஊரில் நின்றுகொண்டு பயணத்தைப் பற்றிப் பேசுகிறவன், அந்தப் பழத்துக்குரிய அம்மாவை விட்டுவிட்டுப் பேச முடியாது. காரைக்கால் அம்மையார் இரண்டு பெரிய பயணம் போனவர். முதலாவது குடும்பப் பயணம். கப்பல் ஏறிப் போன கணவன் பரமதத்தன், பாண்டிநாட்டில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு குடியிருக்கிறான் என்று தெரிந்ததும், உறவினர்கள் புனிதவதியை (அம்மையாரின் இயற்பெயர் அதுதான்) சிவிகையில் ஏற்றி அழைத்துக்கொண்டு போனார்கள். போகிற ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கணவனே இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்து காலில் விழுந்தான். அம்மையார் உடம்பின் தசையை உதறிவிட்டுப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றார். கூட வந்த சுற்றத்தார் என்ன ஆனார்கள்? அஞ்சி, அகன்று போனார்கள் என்ற அளவில் சேக்கிழார் அவர்களை விட்டுவிடுகிறார். எந்த வழியாகத் திரும்பினார்கள், இராத்திரி எங்கே தங்கினார்கள், காலிச் சிவிகையை என்ன செய்தார்கள், இதெல்லாம் புராணத்துக்கு வேண்டாம். எனக்கு வேண்டும். ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்து தலை நரைத்தவன் நான். திரும்பிப் போகிறவர்களைப் பற்றித்தான் எனக்கு எப்போதும் கவலை.

இரண்டாவது பயணம் கயிலைக்கு. காலால் மிதிக்கக்கூடாத இடம் என்று தலையால் நடந்து போனார். அங்கே இறைவன் வரம் கொடுத்ததோடு நிற்கவில்லை. அடுத்துப் போக வேண்டிய ஊரையும் சொல்லி அனுப்பினார். திருவாலங்காடு. சென்னையிலிருந்து அரக்கோணம் போகிற மின்சார ரயிலில் ஏறினால் இன்றைக்கும் அங்கே இறங்கலாம். போன இடத்திலேயே அடுத்த ஊர் தெரிந்துவிடுகிற பாக்கியம் அம்மையாருக்கு வாய்த்தது. நமக்கு அது வாய்க்காது. நாம் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் நம் ஊர்ச் சாலையைப் பாருங்கள். 29-ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேற்றம். அதற்கு முன்னும் பின்னுமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்கக் காவி உடைதான். சென்னையிலிருந்து, புதுச்சேரியிலிருந்து, கடலூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். தள்ளுவண்டியில் மாதா சொரூபம், சீரியல் பல்பு, ஒலிபெருக்கியில் பாட்டு. பூவம் பக்கம் நம் மாவட்டத்துக்குள் நுழைந்து, தேற்றரவு அன்னை ஆலயத்தில் நின்று கும்பிட்டு, அரசலாற்றுப் பாலம் ஏறி, திருமலைராயன்பட்டினம் கடந்து, வாஞ்சூரில் வெளியேறி நாகூருக்குள் போகிறார்கள். இங்கிருந்து வேளாங்கண்ணி ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கிறிஸ்தவர்கள் மட்டும் நடக்கிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். குழந்தைக்கு உடம்பு தேறினால் நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்ட எத்தனையோ இந்துக் குடும்பங்கள் அந்தக் கூட்டத்தில் உண்டு. நாகூர் வந்ததும் தர்காவுக்குள் போய்விட்டுத்தான் மேலே நடக்கிறார்கள்.

அப்படி நடக்கிற எந்தக் குடும்பத்தை வேண்டுமானாலும் நிறுத்தி, பந்தலில் உட்கார வைத்து, ஒரு டம்ளர் மோர் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கு இரா எங்கே தங்கல், நாளைக்குக் காலை எத்தனை மணிக்குப் புறப்பாடு, எந்த ஊரில் யார் சாப்பாடு போடுகிறார்கள், யாருக்கு எந்த மாத்திரை, எல்லாம் விரல் நுனியில் இருக்கும். "சரிங்க, திரும்பி எப்படிப் போறீங்க?" என்று கேளுங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "அதெல்லாம் மாதா பாத்துக்குவாங்க தம்பி" என்று பெரியவர் சொல்வார். "மச்சான் வேன் அனுப்புறேன்னு சொல்லியிருக்காரு" என்று அவர் மகன் சொல்வார். மருமகள் எதுவும் சொல்லமாட்டார். ஏனென்றால் பையன்களுக்குக் காலாண்டுத் தேர்வு எப்போது என்பது அந்த வீட்டில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

நடந்து போவதில் ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முடிவு செய்ய வேண்டும். சாலை ஒன்று, திசை ஒன்று, முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம். செப்டம்பர் 7-ஆம் தேதி பெரிய தேர்ப்பவனி, 8-ஆம் தேதி அன்னையின் பிறந்தநாள் திருப்பலி, அன்று மாலை கொடியிறக்கம். அதோடு அந்த ஒற்றைத் திசை தீர்ந்து போகிறது. அதுவரைக்கும் பல நாளாகப் பிரித்துப் பிரித்து வந்து சேர்ந்த ஜனம் அத்தனையும் ஒரே இராத்திரியில் வெளியேறப் பார்க்கிறது. பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடம் இருக்காது. சிறப்புப் பஸ் விடுகிறார்கள், சிறப்பு ரயிலும் விடுகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வீங்கிய காலோடு ஒரு பாட்டியும், தோளில் தூங்குகிற குழந்தையும், போகும்போது இல்லாத நாலு பையும் வைத்துக்கொண்டு ஓடி ஏறுகிற நிலையில் யாரும் இருப்பதில்லை. வேண்டுதல் நிறைவேறிய சந்தோஷம் பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரத்தில் கரைந்துவிடுகிறது. அப்புறம் புருஷன் பெண்டாட்டி சண்டை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ முறை அதைக் கேட்டிருக்கிறேன்.

நம் பழைய யாத்திரைகளில் திரும்புவது தனி விஷயமாக இருந்ததே இல்லை. காசிக்குப் போகிறவர் இராமேஸ்வரத்து மணலை எடுத்துக்கொண்டு போகிறார். கங்கையில் கரைத்துவிட்டு, கங்கை நீரோடு இராமேஸ்வரத்துக்குத் திரும்பி வந்து அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை முடிந்த கணக்கு. திரும்பி வராதவர் பாதி யாத்திரைதான் போயிருக்கிறார். சபரிமலைக்குப் போகிறவர் மாலையை மலையிலேயே கழற்றி எறிந்துவிட்டு வருவதில்லை. ஊர் வந்து, முறைப்படி கழற்றும் வரைக்கும் சாமிதான். அதனால் திரும்பும் வழியிலும் பேச்சிலே அடக்கம், சாப்பாட்டிலே கட்டுப்பாடு. வேளாங்கண்ணி நடைபயணத்தில் இப்படி ஒரு முறை வலுவாக உருவாகவில்லை என்பது என் அபிப்பிராயம். கோயில் வாசலோடு விரதம் முடிந்துபோகிறது. வாசலைத் தாண்டி வெளியே வந்தவர் சாதாரணப் பயணி. கூட்டத்தில் முட்டி மோதுகிற பயணி.

ஏனுகுல வீராசாமி என்று ஒருவர். சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். 1830 மே 18-ஆம் தேதி சென்னையிலிருந்து பெரிய பரிவாரத்தோடு காசிக்குப் புறப்பட்டார். ரயில் வராத காலம். ஐதராபாத், நாக்பூர் என்று உள்நாட்டு வழியாகப் போனார். திரும்பும்போது கல்கத்தாவுக்கு வந்து, ஜகந்நாதத்தைப் பார்த்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரையோரமாக இறங்கினார். 1831 செப்டம்பர் 3-ஆம் தேதி சென்னை வந்து சேர்ந்தார். வழி நெடுகத் தெலுங்கில் நாட்குறிப்பு எழுதினார். அது பிறகு புத்தகமாகவும் வந்தது. எனக்கு அதில் பிடித்த விஷயம், திரும்பி வந்த வழியையும் போன வழியைப்போலவே கவனமாக எழுதியிருப்பது. எந்த ஆற்றில் தண்ணீர், எந்த ஊரில் சாமான் கிடைக்கும், எந்தச் சத்திரத்தில் தங்கலாம் என்று பின்னால் வருகிறவர்களுக்காக எழுதியிருக்கிறார். இன்றைக்குக் கையில் போனை வைத்துக்கொண்டு நடக்கிறவர்கள், போகும் வழியை ஆயிரம் படம் எடுக்கிறார்கள். திரும்பும் வழியில் ஒரு படம்கூட இருக்காது. எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள், அல்லது நின்றுகொண்டிருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது கொஞ்சம் கசப்பு. 19-ஆம் நூற்றாண்டில் இதே காரைக்கால் துறையிலிருந்து நம் ஜனங்களை ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் பிரெஞ்சுக்காரர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். முடிந்தால் ஊர் திரும்பக் கப்பலில் இடம் உண்டு என்பது அந்த ஒப்பந்தத்திலேயே இருந்தது. கரும்புத் தோட்டத்து முதலாளிகூடத் திரும்பும் பயணத்தை எழுதி வைக்க வேண்டியிருந்தது! எழுதியிருந்தும், மார்த்தினிக்குக்குப் போனவர்களில் பாதிப் பேர்கூடத் திரும்பவில்லை. அங்கேயே தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் மாரியம்மனோடு நாகூர் மீரானையும் கும்பிட்டு வந்தார்கள். போகிறவன் மனதில் திரும்பும் வழி ஏதோ ஒரு வடிவில் இருந்துகொண்டுதான் இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன்.

காரைக்காலுக்கு ரயில் 1898-லேயே வந்துவிட்டது. பேரளத்திலிருந்து இங்கே வரைக்கும் மீட்டர்கேஜ் பாதை. பணம் பிரெஞ்சு அரசாங்கத்தினுடையது, வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. 1980-களில் அதை மூடினார்கள். பிறகு வெகுகாலம் இந்த ஊருக்கு ரயிலே கிடையாது. 2010 டிசம்பரில் நாகப்பட்டினம்–வேளாங்கண்ணி பாதை திறந்தது. அடுத்த வருஷம் டிசம்பரில் நாகூர்–காரைக்கால் அகலப் பாதை வந்தது. பேரளம் பாதையையும் இப்போது அகலப் பாதையாக மறுபடியும் போட்டுவிட்டார்கள். அதில் எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்பதை அந்தந்த வருஷத்துக் கால அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னைப் பக்கம் போகிற கம்பன் எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்வோம். காரைக்காலில் புறப்படுகிற வண்டி, வடக்கே போக வேண்டியது. ஆனால் முதலில் தெற்கே நாகூர், நாகப்பட்டினம் போய், மேற்கே திருவாரூருக்குத் திரும்பி, பிறகுதான் மயிலாடுதுறைக்கு ஏறுகிறது. வேளாங்கண்ணியில் இருப்பவர் என்ன நினைப்பார்? நாகப்பட்டினம் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கேயே ஏறிக்கொள்ளலாமே என்று. திருவிழா இரவில் அப்படி நினைக்கிறவர் ஒருவர் இரண்டு பேர் இல்லை. முன்பதிவில்லாத பெட்டியில் இடம் வேண்டுமென்றால் வண்டி புறப்படுகிற ஊருக்குத்தான் வர வேண்டும். முன்பதிவிலும் அப்படித்தான்: புறப்படும் நிலையத்திலிருந்து எடுத்த டிக்கெட்டின் வெயிட்டிங் லிஸ்ட், நடு நிலையத்து வெயிட்டிங் லிஸ்ட்டைவிட வேகமாக நகரும். நடு நிலையங்களுக்கு ஒதுக்கீடு குறைவு. இது கவுண்டரில் உட்கார்ந்தவன் எல்லோருக்கும் தெரியும். எதிரே நிற்பவருக்குச் சொல்ல எங்களுக்கு நேரம் இருப்பதில்லை. பின்னால் வரிசை கத்தும்.

முன்பு 120 நாளுக்கு முன்னால் டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள். செப்டம்பர் 9-ஆம் தேதி இரவு வண்டிக்கு ஜூலை 11-ஆம் தேதி காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். ஆனி மாதம், கவனியுங்கள். ஆடி பிறப்பதற்கு முன்பே, நடைபயணத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று பேச்செடுக்கும் முன்பே, திரும்பும் டிக்கெட்டை எடுத்தாக வேண்டும். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் நடக்கிற தேதி முன்பின் ஆகலாம், திருவிழாத் தேதி ஆகாது. 8-ஆம் தேதி என்றால் எந்த வருஷமும் 8-ஆம் தேதிதான். திரும்பும் நாள் மட்டும்தான் முன்கூட்டியே நிச்சயமாகத் தெரிந்த நாள். அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போட்டு வாருங்கள்.

முன்பதிவுப் படிவத்தைப் பார்த்திருப்பீர்கள். பேர் எழுத ஆறு வரி. ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான், தத்கலில் நாலு பேர். ஒருமுறை ஒன்பது பேர் கொண்ட குடும்பம். ஆத்தா, மகன், மருமகள், மூன்று பிள்ளைகள், அத்தை, அத்தை வீட்டுக்காரர், கல்யாணமாகாத சித்தப்பா. படிவத்தை எழுதிக்கொண்டு வந்த சித்தப்பா, ஆறு வரியில் ஆத்தா பேரை முதலில் போட்டு, மரியாதை கொடுத்திருந்தார். எல்லோரும் ஒரே டிக்கெட்டில் இருந்தால்தான் ஒரே பெட்டியில் வருவோம் என்ற நினைப்பு. நான் ஆத்தாவின் பேரையும் அத்தையின் பேரையும் அடித்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க ஆத்தாவ ஏன் சார் வெட்டுறீங்க?" என்றார். விஷயம் இதுதான்: 60 வயது தாண்டியவர்களுக்கும் 45 வயது தாண்டிய பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கென்று ஒதுக்கீடு இருக்கிறது. அது தனியாகவோ இரண்டு பேராகவோ எடுக்கிற டிக்கெட்டுக்குத்தான். ஆறு பேர் கூட்டத்தில் ஆத்தாவைச் சேர்த்தால் மேல் படுக்கை விழுந்தாலும் விழும். நடந்து நடந்து முழங்கால் வீங்கிய மனுஷி எப்படி ஏணி ஏறுவாள்? பெரியவர்களை இரண்டு இரண்டு பேராகத் தனியே எடுங்கள். மிச்சம் பேரை ஒன்றாக எடுங்கள். பிரிந்து உட்கார்ந்தால் போகிற வழியில் மாற்றிக்கொள்ளலாம். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் போனது போனதுதான், இன்னும் வரவில்லை. இந்தப் படுக்கை ஒதுக்கீடாவது இருக்கிறது, விடாதீர்கள்.

ஆன்லைனில் எடுத்த ஒரு டிக்கெட்டில் எல்லோருமே வெயிட்டிங் லிஸ்ட் என்றால், சார்ட் போட்டதும் அது தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு படுக்கைப் பெட்டியில் ஏற முடியாது. ஆகையால் 9-ஆம் தேதி டிக்கெட் உறுதியாகவில்லையென்றால் தத்கலுக்கு ஓட வேண்டியவர் யார் என்று முன்பே பேசி வையுங்கள். ஏ.சி. வகுப்புக்கு முந்தின நாள் காலை 10 மணி, படுக்கை வகுப்புக்கு 11 மணி. அந்த நேரத்தில் நீங்கள் வேளாங்கண்ணியில் திருப்பலியில் நிற்பீர்கள். ஊரில் இருக்கிற ஒரு மருமகனோ மைத்துனனோ செய்ய வேண்டிய வேலை இது. நடக்க வராதவர்களுக்கும் புண்ணியத்தில் பங்கு வேண்டாமா?

கால் விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் டாக்டராகச் சொல்லவில்லை, பார்த்தவனாகச் சொல்கிறேன். வெறுங்காலோடு பல நாள் தார்ச் சாலையில் நடந்து வந்த பாதத்தை ஒருமுறை பக்கத்தில் பார்த்தால் மறக்காது. குதிகால் ஓரத்தில் தோல் வெள்ளையாகத் தடித்து வெடித்திருக்கும். விரல் இடுக்கில் கொப்புளம் உடைந்து மண் ஒட்டியிருக்கும். கணுக்கால் எலும்பு தெரியாது, வீக்கம் மூடியிருக்கும். அந்தக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் வீக்கம் இறங்காது, ஏறும். நாள் முழுக்க நடந்த கால் திடீரென்று அசையாமல் கிடந்தால் இரத்தம் தேங்கும், சிலருக்கு உறைந்தும் போகலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அதனால் முதல் நாள் படுக்க வேண்டும், காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் விஷயம் இன்னும் கடுமை. நரம்பு மரத்த காலில் முள் ஏறினாலும் தெரியாது. வீட்டுப் பிள்ளை யாராவது டார்ச் அடித்து அப்பாவின் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கொப்புளத்தை ஊசியால் குத்தும் வைத்தியம் அவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்வதில்லை. நேர்ச்சை முடிந்ததும் கடைவீதியில் புதுச் செருப்பு வாங்குவார்கள். வீங்கிய காலுக்கு வழக்கமான அளவு நுழையாது. நுழைத்தால் கொப்புளத்தில் வார் உரசும். வீட்டில் கிடக்கிற தொளதொளத்த பழைய ரப்பர் செருப்பை ஆளுக்கு ஒரு ஜோடி, சாமான் வண்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள். அதற்கு இணையான மருந்து கடையில் கிடையாது.

சாமான் வண்டி என்றதும் இன்னொன்று. போகும்போது அரிசி, பாத்திரம், படுக்கை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த டாடா ஏஸ், திரும்பும்போது மனிதர்களை ஏற்றிக்கொள்கிறது. ஆள் ஆளாக நெருக்கி உட்கார்ந்து, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, இராத்திரியோடு இராத்திரியாக. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றச் சட்டம் இடம் கொடுக்காது. ஏதாவது ஆகிவிட்டால் காப்பீட்டுப் பணமும் இழுபறிதான். அதைவிடப் பெரிய அபாயம் ஓட்டுகிறவர். அவரும் இத்தனை நாள் கூடவே வந்தவர், பாதி வழி நடந்தவர், சரியாகத் தூங்காதவர். "நான் ஓட்டிடுவேண்ணே, கவலப்படாதீங்க" என்பார். நம்பாதீர்கள். ஊரிலிருந்து தூங்கி எழுந்த ஒரு டிரைவரை வரவழையுங்கள், அல்லது வண்டியைச் சாமானோடு மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் ரயிலேறுங்கள்.

சரி, அப்படியானால் 8-ஆம் தேதி இரவு என்னதான் செய்வது? வடக்கே போக வேண்டியவர்களுக்கு நான் சொல்வது: வேளாங்கண்ணியிலிருந்து நேராக ஊருக்குப் போக நினைக்காதீர்கள். காரைக்கால் வரைக்கும் மட்டும் வாருங்கள். 8-ஆம் தேதி கூட்டம் கலைவதற்கு முன், மதியத்திலேயே புறப்பட்டு இங்கே வந்து படுங்கள். கொடியிறக்கம் பார்க்காமல் எப்படி வருவது என்பீர்கள். நியாயம். அப்படியென்றால் அன்றிரவு அங்கேயே எங்காவது சுருண்டு கிடந்துவிட்டு 9-ஆம் தேதி காலையில் வாருங்கள். பகல் முழுக்க இங்கே காலை நீட்டிப் படுத்திருந்துவிட்டு இரவு வண்டி ஏறுங்கள். இங்கே பஸ் ஸ்டாண்டும் ரயில் நிலையமும் சமாளிக்கிற அளவில் இருக்கின்றன. தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம் வழியாக வடக்கேயும் பஸ் உண்டு. திருநள்ளாறு, அம்பகரத்தூர் வழியாக மேற்கே கும்பகோணத்துக்கும் உண்டு.

ஆனால் இந்த ஊரில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. "இவ்வளவு தூரம் வந்துட்டோம், திருநள்ளாறு அஞ்சு கிலோமீட்டர்தானே" என்று யாராவது ஆரம்பிப்பார். பெரும்பாலும் அத்தைதான். அதற்கப்புறம் திருக்கடையூர், பூம்புகார், சிக்கல் என்று ஒவ்வொன்றாகச் சேரும். சனீஸ்வரன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் நளதீர்த்தத்தில் முங்கி, ஈரத் துணியோடு வரிசையில் நிற்கிற வேலை, உடைந்த கொப்புளத்துக்கு ஆகாது. சனிக்கிழமையாக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். போயே ஆக வேண்டுமென்றால், நடக்க முடிகிற இரண்டு பேர் போய் எல்லோர் பேரிலும் அர்ச்சனை செய்துவிட்டு வரட்டும். அடுத்த கோயிலை முடிவு செய்ய வேண்டியவர் குடும்பத்தில் அதிகம் பேசுகிறவர் இல்லை, அதிகம் நொண்டுகிறவர்.

இனி நம் ஊர்க்காரர்களுக்கு. நாம் பந்தல் போடுகிறோம், மோர் கொடுக்கிறோம், பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் திணிக்கிறோம். இந்துக்கள் போடும் பந்தலும் உண்டு, முஸ்லிம்கள் போடும் பந்தலும் உண்டு. பெருமையான விஷயம். ஆனால் அத்தனை பந்தலும் தெற்கே போகிறவர்களுக்காகத்தான். திருவிழா முடிவதற்குள் மூங்கிலைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். 9, 10 தேதிகளில் அதே முகங்கள் பஸ் ஜன்னலிலும் பிளாட்பாரத்திலும் வாடிக் கிடக்கும்போது, ஒரு சொம்பு தண்ணீர் நீட்ட ஆள் இல்லை. போகிறவருக்குக் கொடுத்தால் புண்ணியம், திரும்புகிறவருக்குக் கொடுத்தால் இல்லை என்று எந்த வேதத்திலும் எழுதியிருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

எனக்கு ஒரு யோசனை. நாலைந்து பந்தலை மட்டும் இரண்டு நாள் கூடுதலாக விட்டுவைக்கலாம். ஒன்று பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒன்று ரயில் நிலையத்துக்கு வெளியே. அங்கே மோர் வேண்டாம். உப்புப் போட்ட வெந்நீர் ஒரு பெரிய அண்டாவில், கால் வைக்க நாலு பிளாஸ்டிக் டப். ஒரு நர்ஸ், கொஞ்சம் பஞ்சு, கட்டுத் துணி. ஆனால் சர்க்கரை உள்ளவர் காலை வெந்நீரில் வைக்கும் முன் வேறொருவர் கை விட்டுச் சூடு பார்க்க வேண்டும். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. படிவம் எழுதத் தெரிந்த, போனில் பி.என்.ஆர். பார்க்கத் தெரிந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகள். பள்ளிக்கூட, திருமண மண்டபச் சொந்தக்காரர்கள் 8, 9 இரவுகளில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கூடத்தைத் திறந்துவிட்டால் போதும். கழிவறைதான் முக்கியம், பாய்கூட அப்புறம். வாடகைக்கு விட முடியாத வார நாள் என்றால் அவர்களுக்கும் நஷ்டமில்லை. இதைப் பற்றிப் பேச விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள்.

ஒரு அம்மா சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்: "திரும்பவும் நடந்தே போனால் என்ன?" நல்ல கேள்வி. சிரிக்காதீர்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற நகரத்தார் காவடி, தலைமுறை தலைமுறையாக நடந்தேதான் திரும்புகிறது. மராட்டியத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்குப் போகிற ஞானேஸ்வரர் பல்லக்கும் கால்நடையாகவே ஊர் திரும்புகிறது. போகும்போது லட்சக்கணக்கான பேர், வரும்போது கொஞ்சம் பேர்தான். ஆகவே முடியாத காரியம் இல்லை அம்மா. ஆனால் ஒன்று. அவர்களுக்குத் திரும்பும் வழியிலும் தங்குமிடமும் சாப்பாடும் ஏற்பாடாகியிருக்கிறது. உங்களுக்கு வேளாங்கண்ணியிலிருந்து வடக்கே பார்த்து நடந்தால் பந்தல் இருக்காது, போலீஸ் தடுப்பு இருக்காது, இவர்கள் யாத்ரிகர்கள் என்று வண்டிக்காரன் வேகத்தைக் குறைக்கமாட்டான். வீடு காரைக்காலில் என்பதால் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு நாள் முழுக்கப் படுத்து எழுந்துவிட்டு, விடிந்த பிறகு புறப்படுங்கள். எதிரே வருகிற வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரமாக நடங்கள். வெயில் ஏறினால் நாகூரில் நிறுத்திவிடுங்கள், மறுநாள் மிச்சம். திருமலைராயன்பட்டினம் வரும்போது பசிக்கும். அங்கே சாப்பிட்டு, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் அரசலாற்றுப் பாலம் ஏறுங்கள்.